அந்த வரைபடத்தின் முன்னால் வாயைத் திறங்கள்!

“நமக்கென்னங்க தெரியும், படிச்சவங்க போட்ட பிளான்!”

இந்த வாக்கியத்தை இன்றோடு விட்டொழியுங்கள். யாரும் ஏறாத நடைமேம்பாலம், பகல் முழுக்க வெயிலில் காயும் பூங்கா பெஞ்சு, தெருவின் மட்டத்தை விட உயரமாகக் கட்டிய மழைநீர் வடிகால் என்று பார்த்துப் பார்த்துப் பொருமுகிறோமே, அவை ஒவ்வொன்றும் கட்டப்படுவதற்கு முன்னால் ஒரு தாளில் வெறும் கோடாக இருந்தன. அப்போதே அழித்திருக்கலாம். ஒரு ரப்பர் போதும். அழிக்கச் சொல்ல வேண்டியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். “நமக்கென்ன தெரியும்” என்று தங்கள் வாய்க்குத் தாங்களே பூட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

உங்களுக்குத் தெரியும்! மழை பிடித்தால் முதலில் யார் வீட்டு வாசலில் தண்ணீர் ஏறும் என்று தெரியும். அது எந்தப் பக்கம் வடியும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்று தெரியும். டியூஷன் முடிந்து வரும் மகள் எந்தச் சந்தைத் தவிர்த்துச் சுற்றி வருகிறாள், எந்தக் கம்பத்து விளக்கு எரிவதில்லை என்று தெரியும். காய்கறி வண்டிக்காரர் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் ஏன் நிற்கிறார் என்று தெரியும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாட்டி நிழற்குடையை விட்டுவிட்டுப் பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் போய் நிற்பதன் காரணம் தெரியும். இது எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்றுத்தராத அறிவு. வருடக்கணக்கில் அந்த மண்ணில் கால் பதித்து நடந்தவர்களுக்கு மட்டுமே வாய்ப்பது. நகரமைப்பு வல்லுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அந்தத் தெருவில் அவர் நடந்தது சில நாள்தான்.

பிறகு ஏன் நாம் வாய் திறப்பதில்லை?

ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கல்யாண மண்டபம். வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கிறது. அதில் சிவப்புக் கோடு, நீலக் கோடு, புள்ளிக்கோடு, மூலையில் ஒரு அம்புக்குறி, பொடி எழுத்தில் ஒரு அட்டவணை. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி எழுந்து போகிறார். தாளில் விரலை வைத்துத் தன் தெருவைத் தேடுகிறார். விரல் போய்ப் போய்த் திரும்புகிறது. “ஐயா, இதுல எங்க வீடு எங்கங்க இருக்கு?” அதிகாரி பொறுமையாகத்தான் காட்டுகிறார். “இதோ பாருங்கம்மா, இந்தக் கட்டம்.” அந்த அம்மா தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் கேட்க வந்தது வேறு. புதிய சாலை தன் வாசலை விட எத்தனை அடி உயரமாக வரும், மழை வந்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருமா என்பதே அவர் கேள்வி. ஆனால் தன் வீட்டையே கண்டுபிடிக்க முடியாதவர் சாலையின் உயரத்தைப் பற்றி எப்படிப் பேசுவார்? “மக்கள் தரப்பில் ஆட்சேபம் எதுவும் இல்லை” என்று அன்றைய குறிப்பில் ஏறிவிடும்.

அந்தத் தாளை வாசிக்கத் தெரியாதது அந்த அம்மாவின் குறை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கட்டிடக்கலை மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் பயின்று கற்றுக்கொள்ளும் ஒரு மொழியை நேற்று வரை கண்ணில் காட்டாமல் இருந்துவிட்டு, இன்று அதிலேயே வாதாடு என்றால் அது நியாயமா? தாளைத்தான் மாற்ற வேண்டும். மாற்றும் கருவி இப்போது வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆக்மென்டட் ரியாலிட்டி. சுருக்கமாக ஏ.ஆர். கண்ணெதிரே இருக்கும் நிஜ இடத்தின் மேல், இன்னும் வராத ஒன்றை வந்துவிட்டதைப் போலவே வைத்துக் காட்டும் தொழில்நுட்பம். துணிக்கடையில் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்று பார்க்காமல் யாராவது பணம் கட்டுவோமா? ஒரு நாள் கட்டும் புடவைக்கே அப்படி என்றால், ஐம்பது ஆண்டுகள் நம் தெருவில் நிற்கப்போகும் பாலத்தைப் போட்டுப் பார்க்காமல் எப்படிச் சம்மதிப்பது?

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மிரட்சி போய்விடும். போனைத் தரைப்பக்கம் காட்டி மெதுவாக அசைக்கிறீர்கள். கேமரா தரையில் இருக்கும் கல், விரிசல், இரண்டு ஓடுகளுக்கு நடுவே இருக்கும் கோடு என்று சின்னச் சின்ன அடையாளங்களைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் நகரும்போது அந்த அடையாளங்கள் திரையில் எப்படி நகர்கின்றன, போனுக்குள் இருக்கும் அசைவு உணரிகள் என்ன சொல்கின்றன என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, தரை இங்கே, நீங்கள் அங்கே என்று முடிவு செய்கிறது. அதன்பிறகு அந்தத் தரையில் ஒரு பெஞ்சை வைக்கிறது. இல்லாத பெஞ்சு! நீங்கள் அதைச் சுற்றி நடக்கலாம். கிட்டே போனால் பெரிதாகும், தள்ளி வந்தால் சிறிதாகும். குனிந்து அடியில் பார்க்கலாம். அந்தப் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சக்கர நாற்காலி போக இடமிருக்கிறதா என்று பக்கத்து வீட்டுத் தாத்தாவையே ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். போகவில்லையா? விரலால் இழுத்து நகர்த்துங்கள். அவ்வளவுதான். சிமெண்ட் செலவில்லை, கான்ட்ராக்ட் இல்லை, இடித்துக் கட்ட வேண்டியதும் இல்லை.

1968-ல் ஐவன் சதர்லேண்ட் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு வித்திட்டபோது அவர் செய்த, தலையில் மாட்டும் கருவியைத் தனியாகத் தூக்க முடியவில்லை. கூரையிலிருந்து தொங்கவிட்டுத்தான் அணிய வேண்டியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனம் விமானத்துக்கான வயர்க் கட்டுகளைப் பின்னும் தொழிலாளிக்கு வழிகாட்ட இதைக் கையில் எடுத்தது. 2017-ல் ஆப்பிளும் அடுத்த ஆண்டு கூகுளும் இதற்கான மென்பொருள் அடித்தளத்தைச் சாதாரண செல்போன்களுக்கே கொண்டுவந்துவிட்டன. கூரையில் தொங்கியது இன்று உங்கள் சட்டைப் பையில் கிடக்கிறது. ரீல்ஸ் பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துவேன் என்று உட்கார்ந்திருக்கப் போகிறீர்களா?

இதை மக்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்க்கத் தென்னாப்பிரிக்காவுக்கு வாருங்கள். ஜோகன்னஸ்பர்க் நகரின் சொவேட்டோ. எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் வாழலாம் என்று 1950-ல் ஒரு சட்டம் போட்டு, வரைபடத்தில் கோடு கிழித்து, குடும்பம் குடும்பமாக மக்களைப் பெயர்த்தெறிந்த நாடு அது. ஒரு கோட்டுக்கு எவ்வளவு கொடுமை செய்ய முடியும் என்று அந்த மக்களிடம் கேட்டால் சொல்வார்கள். அதே சொவேட்டோவில், நிறவெறி ஆட்சி போனபின் எழுந்த பிராம்ஃபிஷர்வில் என்ற எளிய மக்களின் குடியிருப்பில், ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான யூ.என். ஹாபிடாட்டும் எரிக்சன் நிறுவனமும் சேர்ந்து ஒரு பட்டறை நடத்தின. ஏ.ஆர். வகையைச் சேர்ந்த தொழில்நுட்பத்தை மக்கள் கையிலேயே கொடுத்தார்கள்.

மக்கள் முதலில் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் தங்கள் பொது இடத்தைக் கட்டைகளால் அடுக்கி வடிவமைத்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை லீவு நாளில் விளையாடுமே, அதே மைன்கிராஃப்ட்தான். அதில் ஒரு கட்டை என்றால் ஒரு மீட்டர். வரைகோல் பிடித்துப் பழக்கமில்லாதவர்கூட ஒரு மீட்டர் கட்டையை எடுத்து வைக்க முடியும், பிடிக்கவில்லை என்றால் உடைத்துப்போட முடியும். விளக்கு எங்கே வேண்டும், நடைபாதை எப்படி வளைய வேண்டும், பயமில்லாமல் போய்வர என்ன தேவை என்று அவர்களே அடுக்கினார்கள். அடுத்ததாக, அடுக்கியதை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போனார்கள். போனைத் தூக்கிப் பிடித்தார்கள். கணினித் திரையில் உள்ளங்கை அளவில் இருந்த விளக்குக் கம்பம், அந்த மண்ணின் மேல் ஆளை விட உயரமாக எழுந்து நின்றது! மேசையில் சரியாகத் தெரிந்தது மண்ணிலும் சரிதானா என்று தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். வேறு யாரோ போட்ட கோட்டுக்குள் வாழ வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், தாங்கள் போட்ட கோட்டின் மேல் தாங்களே நின்று பார்த்தார்கள். இதை விடப் பெரிய தன்னம்பிக்கைப் பாடம் எனக்குத் தெரியாது.

இந்த மைன்கிராஃப்ட் வழி 2012-ல் தொடங்கியது. ‘பிளாக் பை பிளாக்’ என்று பெயர். கென்யாவின் நைரோபியில் கிபேரா என்ற பெரும் குடிசைப் பகுதியில் ஒரு விளையாட்டுத் திடல், நேபாளத்தின் கீர்த்திபூரில் ஒரு பழைய குளக்கரை என்று ஆரம்பித்து, இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வேர்விட்டிருக்கிறது. கிபேராவின் இளைஞனுக்கு முடிந்தது, கீர்த்திபூரின் பாட்டிக்கு முடிந்தது உங்களுக்கு முடியாதா?

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் கதை இன்னும் ஆழமானது. சற்று நின்று கேளுங்கள். 2011 பிப்ரவரி 22, பிற்பகல் 12.51. நிலநடுக்கம். 185 உயிர்கள் போயின. நகரின் மையப் பகுதியை வேலி போட்டு மூடினார்கள். அந்த வேலி முழுதாக அகல 2013 ஜூன் ஆனது. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்களை இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. பிறந்து வளர்ந்த ஊரில், எந்த மூலையில் நிற்கிறோம் என்றே தெரியாமல் மக்கள் திகைத்தார்கள். தியேட்டர் இருந்த இடமும் கடிகாரக் கடை இருந்த இடமும் ஒரே ஜல்லித் தரையாகிவிட்டால் வழி எப்படித் தெரியும்? பழையதே நினைவில் நிற்காத ஊரில் புதியதைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்?

அந்த ஊரின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஏ.ஆர். ஆய்வுக்கென்றே ஒரு கூடம் முன்பே இருந்தது. மார்க் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் அதை வழிநடத்தினார். ஆய்வுக் கட்டுரை எழுதி முடிந்ததும் கதவை மூடிக்கொள்ளும் ஆட்களாக அவர்கள் இருக்கவில்லை. ‘சிட்டிவியூ ஏ.ஆர்.’ என்று ஒரு செயலியைச் செய்து, ஸ்மார்ட்போன் வைத்திருந்தவர்களுக்கு எட்டும்படி கொடுத்தார்கள். வெற்று மனையின் முன்னால் நின்று போனைத் தூக்கினால், நிலநடுக்கத்துக்கு முன் அங்கே நின்ற கட்டிடம் முப்பரிமாணத்தில் அதே இடத்தில் எழுந்து நிற்கும். அதன் கதையும் பழைய படங்களும் கூடவே வரும். இழந்தது எது, எவ்வளவு உயரம், தெருவை எப்படி அணைத்து நின்றது என்று கண்ணால் கண்டவனுக்கு, இனி வருவது எப்படி இருக்க வேண்டும் என்று பேச ஒரு அளவுகோல் கிடைத்துவிடுகிறது.

மக்கள் பேசவும் பேசினார்கள். அதே 2011-ல் மாநகராட்சி ‘உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்’ என்று ஊரைக் கேட்டது. ஆறே வாரம். 1,06,000 யோசனைகள்! வீடு விரிசல் விட்டவர்கள், கழிவறைக் குழாய் உடைந்தவர்கள், பின்னதிர்வு வரும்போதெல்லாம் மேசைக்கடியில் ஒளிந்தவர்கள் எழுதியவை இவை. “எங்களுக்கு என்ன தெரியும், வல்லுநர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று அவர்கள் சொல்லவில்லை. ஆற்றங்கரையைத் திறந்துவிடுங்கள், கட்டிடங்களை ஆகாசத்துக்கு உயர்த்தாதீர்கள், மரம் வையுங்கள், சைக்கிளுக்கு வழிவிடுங்கள் என்று கேட்டார்கள். இடிபாட்டில் நின்றவர்களுக்கு இருந்த துணிச்சல், பத்திரமாக ஃபேன் காற்றில் உட்கார்ந்திருக்கும் நமக்கு ஏன் இல்லை?

கதையின் மறுபாதியையும் மறைக்கக் கூடாது. அடுத்த ஆண்டே நாட்டின் மத்திய அரசு அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. தனிக் குழு அமைத்து, நூறே நாளில் ஒரு பெருந்திட்டம் தயாரித்து, 2012 ஜூலையில் வெளியிட்டது. ஆற்றங்கரைப் பூங்காவும் தாழ்ந்த உயரமும் அதில் தப்பித்தன. ஆனால் மாபெரும் மாநாட்டு மண்டபமும் ஸ்டேடியமும் எங்கே என்பது மேலிடத்தின் முடிவு. மக்கள் பலர் கொதித்தார்கள். கொதித்ததோடு சும்மா இருக்கவில்லை, விடாமல் நச்சரித்தார்கள். நகர மையத்தில் குழந்தைகள் விளையாட்டிடம் ஒன்று கட்ட வேண்டி வந்தபோது அதிகாரிகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்து யோசனை கேட்டார்கள். 2015-ல் திறந்த அந்த விளையாட்டிடம் இன்று அந்த ஊரின் பெருமை. ஒரு முறை கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் ஒதுங்கிவிடுபவர்கள் இந்த வரிகளை இன்னொரு முறை படியுங்கள். லட்சம் யோசனை சொன்னவர்களுக்கே பாதிதான் கிடைத்தது. வாயே திறக்காதவர்களுக்கு எத்தனை பங்கு கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏ.ஆர். என்றால் போன் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மேசை மேலேயே கண்கட்டு இல்லாத ஒரு வித்தையை 1999-ல் எம்.ஐ.டி.யில் ஜான் அண்டர்காஃப்லரும் ஹிரோஷி இஷியியும் செய்து காட்டினார்கள். மேசையில் கட்டிடங்களின் சிறு மாதிரிகளை வைப்பார்கள். மேலிருந்து ஒரு புரொஜெக்டர், காலை எட்டு மணிக்கு நிழல் எங்கே விழும், மாலை நான்கு மணிக்கு எங்கே விழும் என்று மேசை மேலேயே வரைந்து காட்டும். கட்டிடத்தைக் கையால் நகர்த்தினால் நிழலும் நகரும். சுவரைக் கண்ணாடியாக மாற்றினால் அதில் பட்ட வெயில் எதிரே போகும் சாலையில் தெறிப்பதும் தெரியும், வண்டி ஓட்டுபவன் கண் கூசுமா கூசாதா என்று அங்கேயே பேசி முடிக்கலாம். நாலு பேர் மேசையைச் சுற்றி நின்று, நாலு கையும் ஒரே மாதிரியைத் தொட்டு நகர்த்தலாம். எவர் கையில் பட்டம் இருக்கிறது என்று மேசை கேட்காது.

இந்த மேசையின் வாரிசு ஒன்றை 2016-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் கையில் எடுத்தது. சிரியப் போரிலிருந்து தப்பி வந்த அகதிகள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்துகொண்டிருந்த நேரம். எங்கே தங்க வைப்பது? எந்தப் பேட்டையைச் சொன்னாலும் “எங்கள் பகுதியில் வேண்டாம்” என்ற குரல் எழும். அப்போது மேயராக இருந்தவர் ஓலாஃப் ஷோல்ஸ், பின்னாளில் நாட்டின் சான்சலரானவர். “நீங்களே இடம் காட்டுங்கள்” என்று நகரம் குடிமக்களையே அழைத்தது. ஹாஃபன்சிட்டி பல்கலைக்கழகத்தில், நகர வரைபடம் ஒளிரும் மேசையைச் சுற்றி மக்கள் நின்றார்கள். கையில் லெகோ கட்டைகள். ஒரு கட்டை என்றால் இத்தனை பேருக்கு இடம். அதை ஒரு மனையில் வைத்தால், அந்த நிலம் யாருடையது, அங்கே என்ன தடை இருக்கிறது என்று உடனே திரையில் வரும். சுமார் 400 பேர் கலந்துகொண்டு, 160 இடங்களுக்கு மேல் சுட்டினார்கள். அதிகாரிகள் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து 44 இடங்கள் சரிப்படும் என்றார்கள். கட்டி முடித்தவை அதிலும் சிலவே. இருக்கட்டும். கூச்சலாக முடிந்திருக்க வேண்டிய ஒரு பேச்சு, கட்டையைக் கையில் எடுத்ததும் “அங்கே வேண்டாம் என்றால் எங்கே?” என்ற கேள்வியாக மாறியதே, அதைப் பாருங்கள். குறை சொல்பவனை வழி சொல்பவனாக மாற்றியது அந்த மேசை.

கருவி எல்லாம் வருவதற்கு முன்பே துணிந்து நின்றவர்கள் உண்டு. நியூயார்க்கில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணிக்குக் கல்லூரிப் பட்டமே கிடையாது. நகரையே தன் விருப்பப்படி வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ராபர்ட் மோசஸ் என்ற மலையின் முன்னால் அவர் நின்றார். கீழ் மன்ஹாட்டனைக் குறுக்கே கிழித்துப் போகவிருந்த விரைவுச்சாலையை அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து தடுத்தே விட்டார். தன் வீட்டு ஜன்னலிலிருந்து தெருவைக் கவனித்ததுதான் அவர் படிப்பு. 1961-ல் அதை அவர் புத்தகமாக எழுதினார். நகரமைப்புக் கல்லூரிகள் அதைப் பாடமாக வைத்தன. தெருவைப் பார்க்கும் ஜன்னல் உங்கள் வீட்டிலும் இருக்கிறதல்லவா?

கருவியைக் கண்டு மயங்குபவர்களுக்கும் நான் ஒன்று சொல்ல வேண்டும். ஏ.ஆர். காட்டும் காட்சி அழகாக இருக்கும். எப்போதும் நீல வானம், எப்போதும் பூத்த மரம், எப்போதும் சிரிக்கும் மனிதர்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க அறிஞர் 1969-லேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படியுள்ள ஏணியாக எழுதிவைத்தார். அடிமட்டப் படியில் மக்கள் ஆட்டுவிக்கப்படுகிறார்கள். நடுப்படிகளில் தகவல் சொல்கிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள், ஆனால் முடிவு மாறுவதில்லை. உச்சிப் படியில்தான் முடிவு மக்கள் கையில். போனில் பிரமாதமான படம் காட்டிவிட்டு “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் அது நடுப்படி. “நகர்த்துங்கள்” என்று போனை உங்கள் கையில் கொடுத்தால் நீங்கள் மேலே ஏறுகிறீர்கள். கையில் கொடுக்கவில்லையா? கேட்டு வாங்குங்கள். வெட்கமே வேண்டாம்.

கருவியின் பலவீனமும் தெரிந்திருக்கட்டும், அப்போதுதான் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. திறந்த வெளியில் ஜி.பி.எஸ். சில மீட்டர் தவறக்கூடும். சுள்ளென்ற வெயிலில் திரை சரியாகத் தெரியாது. பஸ்ஸுக்குப் பின்னால் இருக்க வேண்டிய மரம் சில சமயம் பஸ்ஸுக்கு முன்னால் வந்து நிற்கும். ஆகவே மனை எல்லைத் தகராறை இதை வைத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள், அதற்கு சர்வேயர் இருக்கிறார். உயரம் எவ்வளவு, எதை மறைக்கிறது, ஆள் நடக்க இடம் மிஞ்சுகிறதா என்று பார்க்க இது தாராளமாகப் போதும்.

எல்லாரிடமும் நல்ல போன் இல்லையே என்பீர்கள். ஒரு தெருவுக்கு ஒன்று போதும். போன் உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளையின் கையில் இருக்கட்டும், சுற்றி நின்று பார்ப்பவர்களில் முதலில் பேசும் உரிமை பாட்டிக்கும், துப்புரவுத் தொழிலாளிக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும் இருக்கட்டும். அந்த இடத்தை அதிக நேரம் பயன்படுத்துபவர்கள் அவர்கள். பக்கத்து ஊரில் கட்டிடக்கலைக் கல்லூரி இருந்தால் மாணவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். முப்பரிமாண மாதிரி செய்வது அவர்களுக்கு அன்றாடப் பயிற்சி. நிஜத் தெருவும் நிஜ மக்களும் கிடைத்தால் விரும்பி வரும் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். அதுவும் அமையவில்லை என்றால், ஒரு டேப்பும் ஒரு படி கோலமாவும் எடுங்கள். திட்டத்தில் நடைபாதை நாலடி என்று போட்டிருந்தால், காலை ஆறு மணிக்கு அந்த நாலடியைத் தெருவில் கோடு போட்டுக் காட்டுங்கள். எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் அதில் நடப்பதை வீடியோ எடுங்கள். பாதிப் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நடக்கிறார்கள் என்றால் உங்கள் வாதம் தயார். ஒரு திட்டத்தை அதன் இடத்திலேயே, அதன் நிஜ அளவிலேயே போட்டுப் பார்ப்பதுதான் நமக்கு வேண்டியது. போன் அதைச் சுலபமாக்குகிறது, போன் இல்லை என்பதற்காக அது நின்றுவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டம், வரைவுத் திட்டம் வெளியானால் மக்கள் ஆட்சேபமும் ஆலோசனையும் தெரிவிக்க அவகாசம் கொடுத்தே தீர வேண்டும் என்கிறது. கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரங்களில் பகுதி சபை வந்துவிட்டது. 2022 நவம்பர் 1-ல் மாநிலத்தில் முதன்முறையாக அவை கூடின. உங்கள் வார்டில் அடுத்தது எப்போது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். அவர் சொல்லவில்லை என்றால் மாநகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவிலிருந்து பத்துப் பேராகப் போங்கள். அதில் ஐந்து பேராவது பெண்களாக இருக்கட்டும். போகும் முன்பே அந்த இடத்தில் நின்று பார்த்துவிடுங்கள், உச்சி வெயிலில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை.

அங்கே தாளை ஒட்டினால் எழுந்து நில்லுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், கேள்வி நடுங்கக் கூடாது. “ஐயா, இதை அந்த இடத்துக்கே வந்து காட்டுங்கள். என் வாசற்படியிலிருந்து சாலை எவ்வளவு உயரம் என்று அங்கே நின்று காட்டுங்கள். மாலை ஏழு மணிக்கு வெளிச்சம் எங்கே விழும் என்று காட்டுங்கள். இதற்காக எந்த மரம் போகிறது, எந்த வண்டிக்கடை போகிறது, அவர்கள் எங்கே போவார்கள் என்று சொல்லுங்கள்.” பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்பார்கள். எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். உங்கள் பெயரையும் கேள்வியையும் கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அங்கேயே சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை விட்டுப்போயிருந்தாலும் திருத்தச் சொல்லி, திருத்திய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.